ஒடுக்கிய சக்கரம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா?

போன லீவில் பாப்பா விளையாட வீட்டுத் தரையில் போட்டுவிட்டு வந்தேனே அகலப்பாதைத் தண்டவாளம், அதற்கான குட்டி எஞ்சினைப் பித்தளையில் செய்து முடித்தேன். பார்த்த சூப்பர்வைசர், "எங்க வீட்டு டிராக்ல ஒரு தடவை ஓட்டிட்டுத் தரேன். உன் லீவை நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிப் போனார். அவருடையது கடையில் வாங்கிய குறுகல் தண்டவாளம். எஞ்சின் உட்காரவில்லை என்று சுத்தியால் தட்டிச் சக்கரங்களை ஒடுக்கிவிட்டார்.

"இப்பதான் சரியா ஓடுது" என்று சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார். நானும் பல்லைக் காட்டினேன். பழையபடி இழுத்துப் பார்த்தேன்; அச்சு வளைந்ததுதான் மிச்சம். லீவும் கிடையாதாம்.

அச்சுக்குப் பழைய குடைக்கம்பி இரண்டு அனுப்பு. இங்கேயும் கம்பி கிடைக்கும். நம் வீட்டுக் குடையுடையது வேண்டும்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது. தண்டவாளத்தை மிதிக்காமல் பெருக்கு. வண்டி எப்போது வரும் என்று பாப்பா கேட்டால், சிக்னல் விழவில்லை என்று சொல்.