உன்னிடம் அனுமதி கேட்ட படை

இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கி என் காக்கிச் சட்டையின் கை மடிப்பில் வைத்தார். கஞ்சி போட்ட துணி, மேலே தெளித்த தண்ணீர். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. வடித்த கஞ்சியும் கரியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியபோது மலைக்கோயிலுக்குப் போகும் கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போயிற்று. சந்தனம் காயாத ஒரு மொட்டைத்தலைப் பெரியவர் சட்டையைப் பார்த்துவிட்டு, "போலீஸா பாப்பா?" என்றார்.

"இல்லீங்க, போலி" என்றேன்.

சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், நீ சிரிக்கிறாயா என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

உனக்கு ஒரு சேதி. காலேஜில் என்னை மாணவர் படையின் அணித்தலைவி ஆக்கிவிட்டார்கள். நாற்பத்தெட்டு பேர். நாளைக் காலையில் முதல் அணிவகுப்பு. இதை யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தபோது உன்னைத் தவிர வேறு முகம் தோன்றவில்லை. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பிளஸ் டூ ரிசல்ட்டைக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டாய். "வெறும் ஜுரம்தான்டி. ரெண்டு நாள்ல வந்துடுவேன். அதுவரிக்கும் ஆட்சிய கவுத்துடாத" என்று போனில் எழுதினாய். பதிலுக்கு நான் சல்யூட் அடிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. அது நீலமாகவே இல்லை.

பிளஸ் ஒன்னில் அரசியல் பாடம் நடந்த அந்த மதியம் ஞாபகம் இருக்கிறதா? நாட்டின் முப்படைகளுக்கும் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது என்று மிஸ் படித்தார். நான் கையைத் தூக்கினேன்.

"மிஸ், அவங்களுக்கு லெஃப்ட் ரைட் தெரியுமா மிஸ்? துப்பாக்கிய எந்தப் பக்கம் புடிக்கறதுன்னு தெரியுமா?"

வகுப்பே சிரித்தது. மிஸ் என்னை பெஞ்சு மேல் ஏறச் சொல்வதற்குள் முன்வரிசையிலிருந்து நீ திரும்பினாய். "அவங்களுக்கு இன்னாத்துக்குடி தெரியணும்? தெரிஞ்சவங்க அவங்கள கேட்டுட்டுச் செய்யணும், அவ்ளோதான்." சொல்லிவிட்டு மறுபடி குனிந்து தலைப்புக்கு அடிக்கோடு போட ஆரம்பித்தாய். என் ஜோக்குக்கு அவ்வளவு சுருக்கமாக யாரும் அதுவரை அடி கொடுத்ததில்லை.

பள்ளித் தலைவி தேர்தலில் நீ நின்றபோது உனக்கு எதிராக வேலை செய்தவள் நான். 'இவள் தலைவி அல்ல, தலைவலி' என்று சார்ட் தாளில் எழுதி சைக்கிள் ஸ்டாண்டில் ஒட்டினேன். நீ அதன் எதிரே நின்று இரண்டு முறை படித்தாய். பிறகு நேராக என்னிடம் வந்து, "எழுத்து நல்லாகீதுடி. என் போஸ்டரும் நீயே எழுதிக் குடேன்" என்றாய். என்ன செய்வது? எழுதிக் கொடுத்தேன். நீ ஜெயித்தாய்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பிரச்சினை. நம் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு, யார் ஆரம்பித்ததோ தெரியாது. மாணவியர் படையை நடத்துகிறவள் அணியைக் கூட்டினாலும் கலைத்தாலும், மூன்றடி தள்ளி நின்று பள்ளித் தலைவிக்கு சல்யூட் அடித்து, அனுமதி கேட்க வேண்டும். பள்ளித் தலைவி படையில் இருக்கமாட்டாள். ஓட்டு வாங்கி வந்தவள், அவ்வளவுதான். நானோ இரண்டு கேம்ப் போய் வந்து, காலெல்லாம் கொப்புளம் வாங்கி அணித்தலைவி ஆனவள். நீ பொதட்டூர்பேட்டை பஸ்ஸிலிருந்து ரப்பர் செருப்போடு இறங்கி, பின்னலில் தறிப் பஞ்சு ஒட்டியிருக்க, கையில் டிபன் பையோடு வந்து நிற்பாய். என் தோள் உயரம்தான் இருப்பாய். உனக்கு நான் பூட்ஸ் அதிர சல்யூட் அடிக்க வேண்டும். நீ "அனுமதிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் எனக்குக் காது சூடாகும்.

டிசம்பரில் உன் தலைமையில் மாணவியர் மன்றம் கூடி ஒரு முடிவெடுத்தது. கோ-கோ போட்டி வருவதால் ஒரு வாரம் சாயங்காலம் மைதானம் சின்னப் பிள்ளைகளுக்கு. படை சைக்கிள் ஸ்டாண்ட் ஓரமாகப் பயிற்சி செய்துகொள்ளட்டும். குடியரசு தின அணிவகுப்பை வைத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டிலா? நான் உன்னிடம் சண்டை போட்டேன். "ஓட்டுப் போட்டு எடுத்த முடிவுடி. அடுத்த வாரம் முழுக்க உங்களுக்குத்தான்" என்றாய். சரி, இவளுக்கு ஒரு வேடிக்கை காட்டலாம் என்று நினைத்தேன்.

வேடிக்கைதான். ஆரம்பத்தில் நிஜமாகவே வேடிக்கை மட்டும்தான். கடைசி மணி அடித்ததும் விளையாட்டு அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். மைக்கைப் பிடித்தேன். "அன்பார்ந்த குடிமக்களே! இந்த நிமிடம் முதல் மைதானத்தில் ராணுவ ஆட்சி. டிபன் பாக்ஸில் சித்ரான்னம் கொண்டுவருகிறவர்கள் பாதியைப் படைக்குப் படைக்க வேண்டும்!" பள்ளியே வராந்தாவுக்கு வந்து கை தட்டியது. உன்னிடம் அனுமதி கேட்காமல் அணியைக் கூட்டினேன். முப்பத்திரண்டு பேர். ஒருத்திகூட "எதுக்குக்கா?" என்று கேட்கவில்லை. என் குரலுக்கு எவ்வளவு மரியாதை என்று பூரித்துப் போனேன்.

எங்கள் கட்டளைகள் இந்தியில் இருக்கும். 'தேஜ் சல்' என்றால் நடக்க வேண்டும். 'தம்' என்றால் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எதிரே சுவரே வந்தாலும் கால் நிற்கக் கூடாது, அதுதான் பயிற்சி. நான் 'தேஜ் சல்' கொடுத்தேன். அணி மைதானத்தின் குறுக்கே போயிற்று. கோ-கோ பிள்ளைகள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். பூட்ஸ் சத்தம் நெருங்கியதும் சிரித்துக்கொண்டே எழுந்தவர்கள், அணி விலகாமல் வருவதைப் பார்த்துச் சிதறி ஓடினார்கள். ஏழாம் வகுப்புப் பாப்பா ஒன்று கால் தடுக்கி விழுந்து முட்டி கிழிந்து அலறியது. கை தட்டல் நின்றுவிட்டது. அணி மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் நீ வந்தாய். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலிருந்து, தோளில் பையோடு, ஓடாமல், கத்தாமல் நடந்து வந்து அணிக்கு நேர் எதிரே நின்றாய். கையை நீட்டித் தடுத்திருந்தால்கூட எனக்கு வசதியாக இருந்திருக்கும். நீ கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி, முகவாயை நிமிர்த்தி, பின்னால் குடியரசு தினத்தன்று மேடைக்கு முன்னால் எப்படி நின்றாயோ அப்படியே நின்றாய். நாங்கள் உனக்கு வணக்கம் செலுத்த வந்துகொண்டிருப்பது போல.

"தம்!" என்றேன். முன்வரிசைப் பெண்ணின் பூட்ஸ் உன் செருப்பு நுனிக்கு ஒரு விரல்கடை தள்ளி நின்றது.

மலைமேல் ஒலிபெருக்கியில் காணாமல் போன யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீ உதட்டை அசைக்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, "ரிப்போர்ட் குடு" என்றாய்.

என் கால்கள் என்னைக் கேட்காமலே நடந்தன. மூன்றடி தள்ளி நின்றேன். சல்யூட். "முப்பத்திரண்டு பேர் தயார். கலைந்து செல்ல அனுமதி வேண்டும்."

"அனுமதிக்கிறேன்" என்றாய், எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு தணிந்த குரலில், "சாவியக் குடுடி எரும. அந்தப் பாப்பாக்கு முட்டி சிராய்ச்சிகினு ரத்தம் வருது பாரு. போயி மருந்து வச்சுவுடு."

போய் மருந்து வைத்தேன். அந்தப் பாப்பா காலை இழுத்துக்கொண்டது. "அக்கா, நீங்க மறுபடி வருவீங்களா?" என்று கேட்டது.

மறுநாள் எச்.எம். அறை. கேம்ஸ் மிஸ் என் அணித்தலைவிப் பட்டையைப் பிடுங்க வேண்டும், படையையே கலைத்துவிட வேண்டும் என்றார். எச்.எம். உன்னைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றார். உன் ஒரு வார்த்தையில் என் இரண்டு வருஷம் இருந்தது.

"கேக்காம படையக் கூட்டினது தப்புங்க மிஸ். பாப்பா வீட்டுக்குப் போயி அவ மன்னிப்பு கேக்கணும். ரெண்டு வாரத்துக்குப் படையோட அறைச் சாவி மன்றத்துலயே இருக்கட்டும். ஆனா நான் நின்னப்போ அவ நிறுத்தினா மிஸ். சல்யூட் வச்சா. கலைக்கச் சொன்னேன், கலைச்சா. அதுக்கு மேல இன்னா மிஸ் வேணும்?"

எச்.எம்.முக்கு உன்மேல் ஒரே பெருமை. குடியரசு தினத்தில் நீயும் காக்கி போட்டு, தொப்பியும் நட்சத்திரமும் வைத்து மரியாதை ஏற்க வேண்டும் என்றார். நீ வேண்டாம் என்றாய். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நான்தான் விடாமல் நச்சரித்தேன்.

"போட்டுக்கடி. உனக்கு எடுப்பா இருக்கும். ஒரு நாளு கெத்தா நில்லேன்."

"எனக்கு இந்த யூனிபார்ம் போதும்."

"பயமா?"

நீ கொய்யாவைக் கடித்துக்கொண்டே யோசித்தாய். "காக்கி போட்டா நானும் உங்கள்ல ஒருத்தி ஆயிடுவேன். அப்பறம் உன்ன யாருடி நிறுத்தறது?" என்றாய். பஸ் வந்தது. ஜன்னலிலிருந்து மீதிக் கொய்யாவை என்மேல் எறிந்துவிட்டுப் போனாய்.

குடியரசு தினத்தன்று அழுக்குப் போகத் துவைத்த அதே பள்ளிச் சீருடையில் நின்றாய். செருப்பு மட்டும் புதிது. நான் உன் எதிரே நின்று சல்யூட் அடித்து, அணிவகுப்புக்கு அனுமதி கேட்டேன். 'அனுமதி இல்லை' என்று நீ சொல்லிவிட்டால்? சொல்லலாம், உனக்கு அந்த உரிமை இருந்தது. நீ என்னைத் தாண்டி, முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகளை ஒரு முறை பார்த்தாய். பிறகு அனுமதித்தாய். அன்றுதான் முதல் தடவையாக என் காது சூடாகவில்லை.

உன்னைக் கடைசியாகப் பார்க்க உன் வீட்டுக்கு நாங்கள் வந்த நாளைப் பற்றி நிறைய எழுத முடியவில்லை. காக்கியில் வரலாமா அக்கா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். உன்னைப் போலவே பள்ளிச் சீருடையில் வந்தோம். உன் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானா அது? வூட்டுக்கு வந்தா எம்பொண்ணு உன் கதைதான் சொல்லிச் சிரிக்கும்" என்றார். நீ அவரிடம் எந்தக் கதையைச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஏனென்றால் ஒரு விஷயத்தை நான் உன்னிடம் சொல்லவே இல்லை.

நீ எச்.எம்.மிடம் "நான் நின்னப்போ அவ நிறுத்தினா" என்றாய். அது முழு உண்மை இல்லை. நீ வந்து நின்றபோது அணி உன்னிலிருந்து பதினைந்து அடி தள்ளி இருந்தது. அப்போதே நான் 'தம்' சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பன்னிரண்டு அடி. சொல்லவில்லை. பதறியதால் அல்ல, மறந்ததால் அல்ல. நீ பயந்து ஒதுங்குவதைப் பள்ளிக்கூடமே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு நான் எதுவும் செய்யத் தேவையில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மிச்சத்தை முப்பத்திரண்டு ஜோடி பூட்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று அந்த நொடியில் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்திருந்தது. எட்டு அடியில் உன் கண்ணைப் பார்த்தேன். நீ அணியைப் பார்க்கவே இல்லை. என்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் நிறுத்துவேன் என்பதில் உனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லாதது போல. அதற்குப் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

உனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பதினைந்து அடியை எண்ணத் தெரியாதவளா நீ? தெரிந்தும் என் பட்டையை என்னிடமே விட்டுவைத்தாய்.

நாளை நாற்பத்தெட்டு பேர் என் எதிரே நிற்பார்கள். குரல் கொடுத்தால் எங்கே என்று கேட்காமல் கிளம்பிவிடுவார்கள். முன்பு அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போது அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னப் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அவர்களைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி. அது போகக் கூடாது என்றே நினைக்கிறேன். அது நீ கொடுத்தது. அந்தப் பயத்துக்கு நன்றிடி.