செம்பைக் காட்டும் சாயம்

லீட்ஸ், ஞாயிறு

அன்புள்ள ஜெயத்துக்கு ஆசிகள்.

உன் முழங்கால் தேவலையா? மலைக்குப் படியேறாதே, பஸ்ஸில் போ. நான் சௌக்கியம். கிரிதர் வீட்டுச் சமையலறை இப்போது என் பொறுப்பு.

நேற்று அவனுடைய சொற்பொழிவுக்கு அழைத்துப் போனான். உயிருள்ள செல்லுக்குள் செம்பு அயனி துளி இருந்தாலும் பச்சையாக ஒளிரும் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். திரையில் முதல் படமே அவன் அப்பாதான். ஈரலில் செம்பு சேர்ந்து அப்பா இறந்ததால்தான் இந்த ஆராய்ச்சியில் இறங்கினேன் என்றான். என் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் போன அன்று போனில் இவன் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "லேப்ல செல்லெல்லாம் உயிரோட இருக்கும்மா. விட்டுட்டு வந்தா செத்துடும்." உன் ராகவேந்திராதான் பெரியப்பாவுக்குக் கொள்ளி வைத்தான்.

திரும்பும்போது காரில், "எப்படிம்மா இருந்தது?" என்றான்.

"நன்னா பேசினே. அப்பா காலமான வருஷம் தப்பா இருக்கு, திருத்திடு."

"ஓ" என்று ரேடியோவைப் போட்டான்.

ராகவேந்திராவை ஞாயிறுதோறும் போன் செய்யச் சொல். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

இந்த வருஷத் திதிக்குத் தானே வருவதாகக் கிரிதர் சொல்கிறான். வேண்டாம். ராகவேந்திராவே செய்யட்டும். சாஸ்திரிகளிடம் இப்போதே சொல்லிவிடு.

குக்கர் கூப்பிடுகிறது.

காமேஸ்வரி