பயந்துதான் குத்தினான், மாதக்கா

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த என் மாதக்காவுக்கு,

இரண்டு வருஷம் இழுத்து ஒருவழியாகத் தீர்ப்பு வந்துவிட்டது. உன்னைக் குத்திக் கொன்றவனுக்கு ஆயுள். தர்மபுரி கோர்ட் வாசலில் உன் வீட்டுக்காரர், மாமா, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் உட்காரவும் முடியவில்லை.

அவன்மேல் மட்டும் கோபம் என்றால் பரவாயில்லை. ஊர்மேலும்தான். நேற்று மாரியம்மன் கோயிலில் கூட்டம் போட்டு ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். அரசாங்கம் மேல்முறையீடு செய்து அவனைத் தூக்கில் போட வேண்டுமாம். கலெக்டரிடம் கொடுக்கப் போகிறார்கள். முதல் கையெழுத்தை உன் கூடப் பிறந்த நான் போட வேண்டுமாம்.

"ஒருத்தனத் தூக்குல போட்டாத்தான் மத்தவனுக்கு பயம் வரும், ராணி" என்றார் மாமா. கூடியிருந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

பயமா? அக்கா, இவர்கள் யாரும் கோர்ட்டில் காது கொடுத்துக் கேட்கவே இல்லையா?

மத்தியான வெயிலில் குச்சிக்கிழங்குக் காட்டிலிருந்து நீ வந்துகொண்டிருந்தாய். முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு பைக்கில் வந்தவன் உன் சங்கிலியில் கை வைத்தான். எதிரே யார் வந்தாலும் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டே பழகிய ஊர் நம் ஊர். உனக்கு மட்டும் வாய் சும்மா இருக்குமா? "நீ முனுசாமி மவன்தானடா? கர்ச்சீப் கட்டுனா தெரியாதா?" என்று கேட்டுவிட்டாய்.

தண்டனை சொல்வதற்கு முன் நீதிபதி கேட்டபோது அவன் சொன்னது இதுதான்: "சங்கிலியோட போயிருப்பேங்கய்யா. அவங்க எங்கப்பன் பேரச் சொல்லிட்டாங்க. மாட்டிக்குவேன்னு பயந்துட்டேன்."

அவனுக்குப் பயம் போதாமல் நீ சாகவில்லை, அக்கா. பயந்துதான் குத்தினான்.

நான் ஒன்றும் பெரிய மனசுக்காரி இல்லை. முதல் ஆறு மாதம் அவனை என் கையாலேயே கொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. இன்றைக்கும் அவன் முகத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆனால் அவனைத் தூக்கில் போட்டால் இன்னொருத்திக்கு இப்படி நடக்காது என்கிறார்களே, அந்தப் பொய்யைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உனக்கு முன்னால் இரண்டு பேரிடம் அவன் சங்கிலி அறுத்தான். ஒருத்தி புருஷன் திட்டுவான் என்று வாயைத் திறக்கவில்லை. இன்னொருத்தி கொடுத்த புகார் எந்த மேசையில் தூங்கியதோ. அப்போது இந்த ஊர் எங்கே போயிருந்தது? அன்றைக்கே அவனைப் பிடித்திருந்தால் நீ இப்போது என் அடுப்படியில் நின்று, களி கட்டி தட்டிவிட்டது என்று என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய்.

இதையும் கேள். போன வாரம் கிழக்குத் தெரு சாந்தாவின் சங்கிலி போனது. ஊரே தூக்கு தூக்கு என்று பேசிக்கொண்டிருக்கும்போதுதான். அறுத்தவன் யார் என்று அவளுக்குத் தெரியும். என்னிடம் மட்டும் சொன்னாள். புகார் கொடு என்றால் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"வேண்டாம் ராணி. பேரச் சொன்னா மாதக்கா கதிதான் எனக்கும். மாட்டுனா தூக்குதான்னு ஊரே பேசுது. அப்புறம் தெரிஞ்சவங்கள எவன் உயிரோட வுடுவான்?"

மனு எழுதிய பெரிய மனிதர்கள் யாராவது சாந்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

நான் கையெழுத்துப் போடவில்லை. "உங்கக்காவ மறந்துட்டியா?" என்று எல்லார் முன்னாலும் மாமா கேட்டார். அதுதான் இன்னும் அறுக்கிறது. மறந்தேனா, அக்கா?

"மறக்கலீங்க மாமா. அவன் உள்ளயே கெடந்து கெழவனாவட்டும். ஆனா பயத்தக் காட்டி ஊரக் காப்பாத்துறோம்னு எங்கக்கா பேருல எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதிலிருந்து மாமா என்னோடு பேசவில்லை.

நாளைக் காலையில் சாந்தாவை என் வண்டியில் உட்கார வைத்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகிறேன். புகாருக்கு ரசீது கைக்கு வராமல் அங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன். அறுத்தவன் பேரைச் சொல்ல அவள் நடுங்கினால் நான் சொல்வேன். அவன் நம் தெருவுக்கே வந்து கேட்டாலும், சொன்னது நான்தான் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னைப் போலவே வாய் அடங்காத
உன் தங்கச்சி ராணி