டிவியில் உங்கள் கால்கள்

புதன்கிழமை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே நான், மகள், உங்கள் அப்பா மூவரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தில் பாதியை நாங்களே தெரிந்துகொண்டோம். மீதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிவியில் நீங்கள் பாதிதானே தெரிகிறீர்கள்?

போனில் பேசினால் போதாதா, எதற்கு இந்தக் கடிதம் என்பீர்கள். போனில் ‘ம்’, ‘சரி’, ‘வைக்கட்டுமா’ தவிர நீங்கள் என்றைக்கு வாய் திறந்திருக்கிறீர்கள்? அதனால் எழுதுகிறேன். மகள் இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். கையெழுத்து புரியவில்லை என்று தப்பிக்க வேண்டாம், பெரிதாக்கிப் பாருங்கள்.

ஊர் உலகத்தில் எல்லோரும் டென்னிஸ் பார்த்தால் ஆடுகிறவனைப் பார்ப்பார்கள். நம் வீட்டில் மட்டும் அம்பயரைத் தேடுகிறோம். இந்த டிவிக்காரன் கேமராவை எங்கே வைத்தானோ, உங்கள் உயர நாற்காலியின் கீழ்ப்பாதிதான் தெரிகிறது. இரண்டு கால், அவ்வப்போது ஒரு கை. ஆரம்பத்தில் நீங்கள் காசு சுண்டுகிற நேரம் பார்த்து விளம்பரம் போட்டுவிடுகிறான். பந்து கோட்டில் விழுந்ததா, வெளியே போனதா என்று யாராவது தகராறு செய்து, களிமண் தரையில் அது பதிந்த தடத்தைப் பார்க்க நீங்கள் இறங்கி வந்தால்தான் முழுசாகத் தெரிகிறீர்கள். அதனால் தகராறு வராதா என்று மூன்று பேரும் காத்துக்கிடக்கிறோம். பஸ் ஓட்டிய காலமெல்லாம் பஸ்ஸில் ஒரு சின்னச் சச்சரவைக்கூடப் பொறுக்காத உங்கள் அப்பா, நேற்று டிவியைப் பார்த்து, ஏண்டா சும்மா போறே, கேளுடா என்று ஒரு ஆட்டக்காரனை ஏவிவிட்டார்.

நேற்று ஒரு தடவை இறங்கினீர்கள். மகள் எழுந்து நின்று கைதட்டினாள். நான் கவனித்தது வேறு. கடைசிப் படியில் முழங்காலைப் பிடித்தீர்கள். வலிக்குத் தடவுகிற மருந்து பெட்டியின் பக்கவாட்டுப் பையில் இருக்கிறது. கோட்டுக்கு வெளியே ஒரு நூல் அளவு போன பந்து தெரியும் உங்களுக்கு, பெட்டிக்குள் இருக்கிற மருந்து தெரியாது.

நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் வெட்டுகிற புது மெஷின் வந்திருக்கிறது. முதலாளி அதற்குத் துணி போர்த்தி வைத்திருக்கிறார், யாரையும் கிட்டே விடுவதில்லை. பழைய மெஷினிலேயே வேலை நடக்கிறது.

இந்த வாரம் பிசகில்லாமல் போனால் இறுதி ஆட்டத்து நாற்காலி உங்களுக்குத்தான் என்று தலைமை அம்பயர் சொன்னதாகச் சொன்னீர்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. உங்கள் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். இப்போது தெருவுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை மகள் தன் தோழிகளையும் ஆட்டம் பார்க்கக் கூட்டி வருகிறாளாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் காலைப் பார்த்தே திருப்திப்பட்டுக்கொள்ளும்,
உங்கள் மனைவி


சனிக்கிழமை காலை

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று நீங்கள் போனில் சொன்னதிலிருந்து எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று இருந்தால் சாயங்காலம் ஆகிவிடும், தலைமை அம்பயருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய நேரம் போய்விடும். அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். இதை மகள் பார்க்க வேண்டாம், கடையிலிருந்து நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

நேற்று இங்கே நடந்ததை முதலில் கேளுங்கள். காலிறுதியைப் பார்க்கத் தோழிகள் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு செட் முடிந்தும் நீங்கள் இறங்கவில்லை. அந்தக் கால் யார் காலாக வேண்டுமானாலும் இருக்கலாமே என்று ஒருத்தி சொன்னாள். மகள் முகம் சுருங்கிப்போயிற்று. மூன்றாவது செட்டில் அந்தத் தாடிக்காரன் அடித்த பந்து கோட்டருகே விழுந்தது. உங்கள் கை தெரிந்தது. உள்ளங்கையைக் கீழே பார்த்தபடி நீட்டி, பந்து உள்ளேதான் என்று காட்டிவிட்டீர்கள். எதிரே நின்ற நெட்டையன் இடுப்பில் கை வைத்து உங்களை அண்ணாந்து பார்த்தான், அவ்வளவுதான். வாய் திறந்து கேட்கக்கூட இல்லை. நீங்கள் இறங்கிவிட்டீர்கள்.

வீடே அதிர்ந்தது போங்கள். மகள் குதித்த குதியில் கட்டில் நகர்ந்தது. நீங்கள் ஓடிப்போய் ஒரு தடத்தைக் காட்டி, விரலை உயர்த்தி, பந்து வெளியே என்று மாற்றிச் சொன்னீர்கள். அது முந்தின அடியில் விழுந்த தடம் என்று தாடிக்காரன் ஓடி வந்து கத்தினான். பிறகு ரீப்ளே போட்டான். பந்து கோட்டின் மேலேயே விழுந்திருந்தது. நீங்கள் நாற்காலியில் இருந்தபடி முதலில் சொன்னதுதான் சரி. உங்கள் அப்பா டிவியை அணைத்துவிட்டு, இவன் எதுக்கு இறங்கினான் என்று மட்டும் கேட்டார்.

எனக்கும் அதேதான் தோன்றியது. நாற்காலியில் இருந்தே உறுதியாகத் தெரிந்தால் இறங்க வேண்டியதில்லை, அதுதான் சட்டம் என்று நீங்களே எங்களுக்கு எத்தனை தடவை பாடம் எடுத்திருக்கிறீர்கள். இன்று காலை கடை திறந்ததும் முதலாளி என்னிடம், உங்க வீட்டுக்காரருக்குத் தள்ளுபடியில ஒரு கண்ணாடி போட்டுடலாமா என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஊருக்குக் கிளம்பும் முன் உங்கள் கண்ணைச் சோதித்தவளே நான்தானே. கண்ணில் ஒரு குறையும் கிடையாது.

அப்புறம் என்ன குறை என்பது நேற்று இரவே எனக்குத் தெரிந்துவிட்டது. மகள் சாப்பிடாமல் படுத்திருந்தாள். என்னடி என்றேன். வியாழக்கிழமை அடுப்படிக்குப் போனை எடுத்துப்போய் உங்களோடு ரகசியமாகப் பேசினாளாம். தோழிகள் வருகிறார்கள், நாளைக்கு ஒரு தடவையாவது இறங்குங்கள் என்று கேட்டாளாம். நீங்கள் வழக்கம்போல ‘ம்’ என்றீர்களாம்.

“நான் கேட்டதாலதான் அப்பா இறங்கினாராம்மா?”

இல்லை என்று சொன்னேன். நம்பினாளா, தெரியவில்லை. நானே நம்பவில்லையே.

அந்தத் தாடிக்காரன் அந்த கேமைத் தோற்றாலும் ஆட்டத்தை ஜெயித்து, முடிவில் உங்கள் கையைக் குலுக்கிவிட்டுத்தான் போனானாம். வாரம் முழுக்க ஒரே ஒரு தப்பு என்று தலைமை அம்பயரும் இறுதி ஆட்டத்தை உங்களுக்கே வைத்திருக்கிறார். நீங்களோ, எனக்கு வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, யோசித்துச் சாயங்காலம் சொல் என்று அவர் அனுப்பிய பிறகும் பெட்டியைக் கட்டுகிறேன் என்கிறீர்கள். நீங்கள் வீட்டுக்கு வருவது எனக்குக் கசக்குமா? தினமும் வாசலைப் பார்க்கிறவள் நான். ஆனால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறவரை எனக்கு வேண்டாம். நீங்கள் அப்படி வந்தால், தன்னால்தான் என்று அந்தப் பெண் ஆயுசுக்கும் நினைப்பாள்.

இப்போதே போய் அவரிடம் சரி என்று சொல்லுங்கள். நாளைக்கு நாங்கள் பார்ப்போம் என்ற நினைப்பை விட்டுவிட்டு உட்காருங்கள். எங்களுக்காக இறங்க வேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கோபத்திலும் உங்களுடையவள்


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள இறுதி ஆட்டத்து அம்பயர் அவர்களுக்கு,

நேற்றுச் சாயங்காலம் நீங்கள் அனுப்பிய ‘சரி’ என்ற ஒற்றை வார்த்தையை மகள் என்னிடம் ஓடி வந்து காட்டினாள். அவளும் நேற்று இரவு ஒழுங்காகச் சாப்பிட்டாள். இன்றைக்குத் தோழிகளைக் கூப்பிடவில்லை. நாங்கள் மூன்று பேர்தான்.

அந்தக் கடைசி கேமில் இங்கே நடந்ததைக் கேளுங்கள். மறுபடியும் அதே தாடிக்காரன், மறுபடியும் கோட்டருகே பந்து. உங்கள் கை உள்ளே என்று காட்டியது. எதிராளி மட்டையால் தரையைத் தட்டித் தட்டிக் காட்டுகிறான், வந்து பார் என்று கூப்பிடுகிறான், அரங்கம் முழுக்க ஒரே விசில். மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “இறங்காதீங்கப்பா, இறங்காதீங்கப்பா” என்றாள். படியில் இருந்த உங்கள் கால் அசையவே இல்லை. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. ரீப்ளேயில் பந்து கோட்டின் மேல். உங்கள் அப்பா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வியர்வையாம். நான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

பரிசளிப்பிலாவது உங்களைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தோம். அந்தப் பாவி டிவிக்காரன் தாடிக்காரனைக் கோப்பையோடு காட்டிவிட்டு வேறு நிகழ்ச்சிக்குத் தாவிவிட்டான். ஆக, ஆட்டம் முழுக்க உங்கள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக இந்த வீட்டில் ஒரு ஆட்டம் பார்த்ததும் இல்லை.

நாளைக்கே அடுத்த ஊர்ப் போட்டிக்குப் போக வேண்டும் என்றீர்கள். போங்கள், நன்றாக இருப்பீர்கள். ஆனால் போகிற வழியில் ஒரே ஒரு நாள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போக முடியுமா? அவள் கேட்கச் சொன்னாள். இனி அவளாகக் கேட்க மாட்டாளாம்.

உங்கள் மனைவி