கம்பெனியில் கேட்ட உன் சத்தம்

இன்று காலை ஆபீஸ் அறையில் ஒலிபெருக்கிப் பெட்டியைப் போட்டேன். மழைக்காலத்தில் அது சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். உள்ளே படிந்த தூசி லேசாகக் கருகி ஒரு வாசனை வரும். முன்பெல்லாம் அந்த வாசனையைத் தொடர்ந்து உன் குரல் வரும். இப்போதும் அது மூக்கில் பட்டால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

விருதுநகரில் நாம் வேதியியல் படித்த காலம் முழுக்க எனக்கும் சேர்த்து நீதான் பேசினாய். வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயருக்கு நான் சொல்லும் "பிரசென்ட்" முன் பெஞ்சைத் தாண்டாது. பின்னாலிருந்து நீ ஒரு தடவை உரக்கச் சொல்வாய். லேபில் என் கையில் உடைந்த கண்ணாடிக் குழாய்க்குப் பதில் சொன்னது நீ. பஸ்ஸில் பெண்கள் சீட்டில் உட்கார்ந்திருந்த ஆம்பிளைகளை எழுப்பி இடம் வாங்கித் தந்தது நீ. "நீ சும்மா இரு புள்ள, நான் கேட்டுக்கிடுதேன்" என்பாய். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. நானும் சும்மா இருந்தே பழகிவிட்டேன்.

படிப்பு முடிந்ததும் நீ திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தாய். நான் ஆமத்தூரில் வீட்டோடு இருந்தேன். காலையில் விழித்தால் போவதற்கு ஓர் இடமில்லை. இத்தனை வருடமும் அடுத்த வகுப்பு எது என்று யாராவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். திடீரென்று அந்தப் பேச்சு நின்றுவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் "அடுத்து என்ன செய்யப் போற?" என்று என்னைக் கேட்பார்கள். அம்மா பதில் சொல்வாள். ஒருநாள் நீ போனில் கூப்பிட்டாய்.

"இங்கன இன்னொரு ஆள் வேணுங்கிறாக. பொறப்பட்டு வா. பக்கத்துல நான் இருக்கேன்ல."

நான் வருவதற்குள், கார்த்திகை மழையோடு வந்த காய்ச்சலில் நீ போய்விட்டாய். கம்பெனிக்கு அப்போது இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நான் மட்டும் போனேன்.

முதல் நாள் என்னை யாரும் எச்சரிக்கவில்லை. பெண்கள் கேட்டில் செல்போனைக் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து நீ பேசினாய்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரு ரூமுல நாலு பேருக்கு மேல இருக்காதீக. வேலையில அவசரப்படாதீக. எதாச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சா, கைய ஒதறிட்டு வெளிய வந்துருங்க."

அதோடு முடிந்திருக்க வேண்டும். பதிவை நிறுத்தத் தெரியாமல் விட்டிருக்கிறாய். ஓர் இருமல் கேட்டது. பிறகு பக்கத்தில் யாரிடமோ தாழ்ந்த குரலில், "சரியா இருக்கா?"

கலவை ரூமில் வேலை பார்க்கும் முத்துமாரி அக்கா, போகிற போக்கில் மரத்தை அண்ணாந்து பார்த்து "இருக்கும்மா" என்றாள். அவளுக்குப் பின்னால் வந்த சிலரும் சொன்னார்கள். கேலிக்குச் சொல்லவில்லை. எதிரே நிற்கிறவளுக்குச் சொல்வதுபோல் சொன்னார்கள். நீ போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

உன் நாற்காலி எனக்குக் கிடைத்தது. உன் வேலையும் கிடைத்தது. ஒரு ரூமில் வெடிமருந்து அதிகமாக இருந்தால் எடுக்கச் சொல்ல வேண்டும். சொல்வேன். யாரும் நிமிர மாட்டார்கள். முத்துமாரி அக்கா ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"கோவிச்சுக்கிடாத தாயி. அந்தப் பிள்ள சொல்லுதது காதுல விழுது. நீ சொல்லுதது விழமாட்டேங்குது."

அன்றைக்குத்தான் உன்மேல் எனக்கு முதன்முதலாகப் பொறாமை வந்தது.

அடுத்த தீபாவளி சீசன் நெருக்கம். முந்தின நாள் மிஞ்சிய மருந்தை யாரோ சரியாக மூடாமல் போயிருக்கிறார்கள். இரவெல்லாம் மழை. காலையில் கரண்ட் இல்லை, அதனால் நீ பேசவில்லை. நான் வழக்கம்போல் ரூம் ரூமாகப் பார்த்துக்கொண்டு போனேன். கலவை ரூமை நெருங்கியபோது மூக்கில் சுருக்கென்று ஏறியது. அம்மோனியா. நாம் லேபில் முகர்ந்துவிட்டுக் கண்ணீர் வழிய நின்றோமே, அதே வாடை. அலுமினியப் பொடியும் வெடியுப்பும் ஈரத்தில் சேர்ந்து உள்ளே தானாகச் சூடேறுகின்றன என்று அதற்கு அர்த்தம்.

வாயைத் திறந்தேன். என்ன கத்தினேன் என்பது எனக்கு நினைவில்லை.

கலவை ரூமில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். அடுத்த ரூம், அதற்கும் அடுத்த ரூம், கடைசியில் வேலியோரம் திரி வெட்டுகிற ரூம் என்று எல்லாக் கதவுகளிலிருந்தும் பெண்கள் கையை உதறிக்கொண்டே வெளியே வந்தார்கள். நாங்கள் கேட்டை அடைவதற்குள் பின்னால் வெடித்தது. ரூம் தரைமட்டமாகிவிட்டது. ஆட்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ரோட்டோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, திரி வெட்டுகிறவர்கள் "அந்தப் பிள்ளதான் கூப்பிட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்து வேலியோரத்துக்குச் சத்தம் எட்டாது. காற்றும் எதிர்த்திசையில் அடித்தது.

"கரண்டே இல்லையேக்கா. நான்தான் கத்துனேன்" என்றேன்.

முத்துமாரி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வாயத் தொறந்தத நான் பாத்தேன் தாயி. சத்தம் ஒன்னதில்ல."

சோதனைக்காகக் கம்பெனியைக் கொஞ்ச நாள் மூடிவைத்தார்கள். அந்த நாட்களில் ஆபீஸ் கூரை ஒழுகி, உன் பேச்சு இருந்த பென் டிரைவ் கெட்டுப்போனது. பெட்டி மட்டும் பிழைத்தது. "தெனமும் நீயே பேசிரும்மா" என்றார் மேனேஜர். மைக்கைப் பிடித்துப் பேசினேன். முதல் வார்த்தையிலேயே பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குழாயிலிருந்து திரும்பி வந்தது எனக்குத் தெரிந்த என் குரல் இல்லை. கடைசி வரியைச் சொன்னதும் தொண்டையில் ஓர் இருமல் முட்டியது. அதை விழுங்கிக்கொண்டு அவசரமாகப் பெட்டியை அணைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை உன் அம்மா வந்தார்கள். இருக்கன்குடி கோயிலுக்குப் புறப்பட்டவர்கள் வழியில் இறங்கியிருக்கிறார்கள். உன் குரல் இங்கே இன்னும் பேசுகிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பதிவு கெட்டுப்போனது அவர்களுக்குத் தெரியாது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தபடி கேட்டருகே நின்றார்கள். ஜன்னல் வழியாக நான் கவனித்தபோது வேலை தொடங்கும் நேரமாகிவிட்டது. பேசாமல் இருக்க முடியாது. பேசினேன்.

வெளியே வந்தேன். அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள். அழவில்லை. முகம் தெளிந்திருந்தது.

"கேட்டுட்டேன் தாயி. அவ சத்தமேதான். கொஞ்சம் கம்முது, அம்புட்டுதான். காய்ச்சல் இன்னும் முழுசா விடல போல."

பஸ் நிற்கும் இடம் வரை கூட நடந்தேன். அடுத்த வெள்ளியும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்கள்.

இந்த ஒரு வாரமாக நான் வெந்நீரில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடித்து வருகிறேன். குளிர்ந்தது எதையும் தொடுவதில்லை. இன்று காலை பேசும்போது கம்மல் கொஞ்சம் குறைந்திருந்தது. நாளை வெள்ளி. நீ தேறி வருகிறாய் என்று அம்மா நினைத்துக்கொள்வார்கள்.