பாதிக்குப் பாதிதான் வந்தது, மச்சாள்

என் அன்பு வதனி மச்சாளுக்கு,

நீ கண்மூடி ஏழு மாதமாகிறது. அண்ணா இப்போது தானே சமைக்கிறார். உப்புத்தான் இன்னும் கூடுகிறது. அழுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு சண்டை எப்படி முடிந்தது என்று சொல்ல எழுதுகிறேன்.

சிட்னியில் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தோம். பிறகுதான் நீ என் அண்ணனைக் கட்டினாய். உன் கடைசி வேலை வளைய அசற்றால்கள் என்ற மூலக்கூறுகளோடு. வளையத்திலிருந்து ஒரு துண்டு கழன்றுபோக, அந்த இடத்தில் புதியது வந்து ஒட்டும். மேற்பக்கமாக ஒட்டினால் ஒரு பொருள், கீழ்ப்பக்கமாக ஒட்டினால் வேறொன்று. எங்கள் வளையத்தில் எப்போதும் ஒரே பக்கம்தான் என்று எழுதிப் பெயரெடுத்தவர் எங்கள் பேராசிரியர். வந்து ஒட்டுவது வீரியம் கூடியதென்றால் பக்கம் பார்க்காது, பாதிக்குப் பாதி ஒட்டும் என்று நீ கண்டாய். உன் குடுவை அழுக்கு என்றார் அவர்.

"நான் பிழை விடேல்லையடி. ஆரும் திருப்பிச் செய்து பாக்கட்டும்" என்றாய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி.

செய்தேன். புதுப் போத்தல், நன்றாக உலர்த்திய குடுவை, மூன்று தரம். மூன்று தரமும் பாதிக்குப் பாதி.

பேராசிரியரிடம் கொண்டு போனேன். பாவம், சுகமில்லாத நேரத்தில் அவள் செய்தது, அதை விட்டுவிட்டு மற்றதைக் கட்டுரையாக அனுப்புவோம் என்றார். அந்தப் 'பாவம்'தான் என்னைக் கிளப்பியது. சுகமில்லாதவள் அளந்தால் பிழையாகத்தான் வரும் என்று இவருக்கு யார் சொன்னது? அப்படியானால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். என் ஒப்பந்தம் முடியப்போவதை நினைவூட்டினார். தெரியும் என்றேன்.

அன்று பின்னேரம் அண்ணாவிடம் சொன்னேன். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"வேலை போனாப் போகட்டும். அவள் பிழை விட்டவள் எண்டு மட்டும் நீ கையெழுத்துப் போடாதை."

பேராசிரியர் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் என் கண் முன்னாலேயே, தன் கையால் அதைச் செய்து பார்த்தார். அவருக்கும் பாதிக்குப் பாதிதான் வந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. கட்டுரையில் உன் பெயரை முதலாவதாகப் போட்டார். எனக்கு அது போதும். உனக்குப் போதுமா?

என் ஒப்பந்தத்தை அவர் நீட்டவில்லை. இப்போது லிட்கம் பக்கம் ஒரு பெயின்ற் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் நிற்கிறேன். வருத்தமில்லை.

அடுத்த மாதம் மெல்பேர்னில் ஆய்வரங்கு. லீவு போட்டுவிட்டுப் போகிறேன்; கட்டுரையில் உனக்கு அடுத்த பெயர் என்னுடையது, அதனால் வாசிப்பது நான்தான். யாராவது அதைப் பேராசிரியரின் கண்டுபிடிப்பு என்றால் சிரித்துச் சமாளிக்க மாட்டேன். இடைமறித்து உன் முழுப் பெயரையும் சொல்வேன். அவர்களுக்கு வாயில் நுழையாவிட்டால், நுழையும் வரை சொல்வேன்.

இன்னும் அடங்காத,
உன் மச்சாள் கௌரி
செவன் ஹில்ஸ்