மாமன் அனுப்ப மறுத்த சுத்திக் குடம்

நன்மை பெருகுக, வானம் வேளை தவறாது பெய்க. செம்பாறை நாட்டு மூன்று கோட்டைகளின் காவலனும், பகைவர் கனவிலும் நடுங்கும் பேராற்றலன் என்று புலவர்களால் பாடப்பட்டவனும், இப்போது கொல்லைப்புறத்தை விட்டுக் கூப்பிடு தூரம்கூட அகல இயலாதவனுமாகிய நெடுங்கோ மாவேள், முத்தூற்று நாட்டின் பேரரசியும் தன் உடன்பிறந்தாளுமாகிய ஏழிசைநங்கைக்கு விடுக்கும் ஓலை. தங்கள் உப்பளங்களும் துறைகளும் செழிக்க. முடி ஏற்கவிருக்கும் மருமகன் வேல்நம்பி நீடு வாழ்க. இக்கடைசி வாழ்த்து மரபுக்காக எழுதியதன்று. இவ்வோலை முழுவதும் அதன் பொருட்டே எழுதப்படுகிறது.

முடிசூட்டுக்கு முன் நிகழும் அகத்தூய்மைச் சடங்குக்குரிய சுத்திக் குடத்தைத் தாய்மாமன் சீராக விரைந்து அனுப்புமாறு தங்கள் தூதர் வந்து கேட்டார். அரசாளப்போகிறவன் வயிற்றில் பழைய அன்னத்தின் வாடையும் தங்கலாகாது என்று, பேதி மருந்தும் நச்சுக்கல் அரைத்த கடும் பாடாணக் குழம்பும் ஒரு வளர்பிறை முழுதும் ஊட்டிக் குடலைக் கழுவுவது நம் இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கம். குடம் மாமன் வீட்டிலிருந்தே வரவேண்டும். வாராவிடில் சடங்கும் இல்லை, முடியும் இல்லை. எனக்கு நம் மாமன் அனுப்பியது வெள்ளிக் குடம், பூவேலைப்பாடு மிக்கது. அதிலிருந்த மருந்தைக் குடித்து முடித்த அன்று, அரசர் குடல் பளிங்கு போல் தூய்மையாயிற்று என்று அவை முழங்கியது. நானும் பெருமையோடு தலையாட்டினேன். மற்ற உறுப்புகளை ஆட்டத் தெம்பு இல்லை.

அன்று பிடித்த நோய் இன்றளவும் விடவில்லை. வைத்தியர் நக்கம்பூதனாரை அழைத்து, என் வயிற்றில் அப்படி என்னதான் குறை என்று கேட்டேன். அரசே, உள்ளே குடிகள் இல்லை என்றார். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் கோடானுகோடி ஒவ்வொருவர் குடலிலும் வாழ்கின்றன என்றும், பாலைத் தயிராக்குவோர் அவற்றின் உறவினரே என்றும், நாம் செரிக்கமாட்டாமல் விடும் கீரை நாரையும் பயற்றுத் தோலையும் அவை தின்று புளிக்கவைத்து, அப்புளிப்பில் பிறக்கும் சத்தைக் குடலின் உட்சுவருக்கு ஊட்டுகின்றன என்றும், வெங்காயச் சருகினும் மெல்லிய அச்சுவர் அதை உண்டே ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்றும் உரைத்தார். சுவரின்மேல் வழுவழுப்புப் பூச்சு குன்றாமல் காப்பதும், தீய கிருமி வந்தால் உட்கார இடம் கொடாமல் நெருக்கித் தள்ளுவதும், எது உறவு எது பகை என்று உடலின் காவலைப் பழக்குவதும் அவையே என்றார். அப்படியானால் சடங்கில் நாம் செய்தது என்ன என்றேன். பகைவனைத் தேடி ஊருக்கே தீ வைத்தோம் என்றார். சற்று மூச்சு வாங்கி, பகைவனும் அங்கே இல்லை என்றார்.

குடிகள் மாண்டபின் சுவர் பட்டினி கிடந்தது. பூச்சு மெலிந்தது. உள்ளே அடங்கிக் கிடக்கவேண்டியவை குருதிப் பக்கம் கசிந்து, காய்ச்சலாகவும் வீக்கமாகவும் என்னை அரித்தன. நீர்மோரும் பழஞ்சோற்று நீரும் பயறும் உண்ணுமாறு வைத்தியர் பணித்தபோது, மடைப்பள்ளித் தலைவி கொற்றி கைகூப்பி மறுத்தாள். அரண்மனையில் உலைவைக்க விறகில்லை என்றல்லவா ஊர் பேசும், என் மானம் என்னாவது என்றாள். என் உயிர் என்னாவது என்றேன். அது வைத்தியர் பொறுப்பு, சோறு என் பொறுப்பு என்றாள். ஆயினும் மறுநாள் முதல் ஒரு கலயம் வந்தது, மேலே பட்டுத்துணி போர்த்தி.

அவ்வுணவால் சிறிது ஆறுதல் உண்டு. ஆனால் போன குடிகளில் சிலர் திரும்பினர், சிலர் பூண்டற்றுப் போயினர், அவர்கள் இனி வாரார் என்கிறார் வைத்தியர். அடுத்த மழையை நான் காண்பேனா என்று கேட்டதற்கு நாடி பார்ப்பது போல் நெடுநேரம் என் கையைப் பிடித்திருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், நானும் வற்புறுத்தவில்லை.

ஆதலால், நங்கை, இனி அரசனாக எழுத என்னால் ஆகவில்லை. குடம் அனுப்பமாட்டேன். அனுப்பாவிடில் உன் அவை முடியை வேல்நம்பியின் சிற்றப்பன் மகனுக்குக் கொடுக்கும் என்று உன் தூதர் கண்கலங்கச் சொன்னார். அண்ணன் குடியைக் கெடுத்தான் என்று நீ அழுவாய், அழு. உன் மகன் நன்றாகச் செரித்து, நன்றாக உறங்கி, உன் எதிரே சண்டை போட்டுக்கொண்டு வளரட்டும். அந்தச் சிற்றப்பன் மகனுக்குக் குடம் அனுப்பப்போகும் அவன் மாமனுக்கும் ஓர் ஓலை போகிறது. அந்த மாமன் என் பகைவன்தான். இருந்தால் என்ன, அந்தப் பிள்ளைக்கும் குடல் ஒன்றுதானே.

இனிக் கட்டளை. செம்பாறை நாட்டில் அகத்தூய்மைச் சடங்கு இன்றோடு ஒழிந்தது. சுத்திக் குடங்கள் உருக்கப்படுக. மீறி ஊட்டுவோர் கொலைக்குற்றம் செய்தோராவர். பிள்ளையில்லாத எனக்குப்பின் இந்நாட்டு முடி என் மருமகனுக்கு என்று அவையில் சொல்லி, சான்றோர் கையொப்பமும் பெற்றேன். முத்தூறு அவனுக்கு முடி மறுக்குமாயின் அன்றே அவனை இங்கே அனுப்புக. வழியில் எவர் எந்த மருந்து கொடுத்தாலும் வாங்காது, வயிற்றுக் குடிகள் அனைவரோடும் வந்து சேர்க. விரைந்து வருக, முடி காத்திருக்கும், மாமன் காத்திருப்பது உறுதியன்று.

இது நம் வாய்மொழி. இது நம் இலச்சினை. நெடுங்கோ மாவேள்.